மொண்டெல்லோவில் உயிரோடிருந்த பாப்பரசர்

விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் ஒரு பெண் என் கைப்பைக்குள்ளிருந்து வேணியர் இடுக்கிமானியை எடுத்து மேலே தூக்கிப் பிடித்தாள். பள்ளிக்கூடத்துப் பௌதீக ஆய்வுகூடத்தில் எல்லோரும் ஒருதரம் தொட்டுப் பார்த்திருக்கும் கருவிதான். பிறகு உள்ளங்கை அளவு தராசு ஒன்றை எடுத்தாள். பிறகு பூதக்கண்ணாடி. இவற்றோடு எங்கே போகிறாய் என்று கேட்டாள். பலேர்மோவுக்கு என்றேன். எதை அளப்பதற்கு என்றாள். விமான நிலையத்தில் உச்சரிக்கக் கூடாத சொற்கள் சில உண்டு. என் பொழுதுபோக்கின் பெயர் அவற்றில் ஒன்று. "பழைய பித்தளைச் சாமான்கள்" என்றேன். அது பொய்யில்லை.

நான் பழைய துப்பாக்கித் தோட்டாக்களைச் சேர்ப்பவள். இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது என் தொழில். ஒருநாள் படம் எடுக்க வந்த விவசாயி ஒருவரிடம் உடம்பில் உள்ள உலோகத்தையெல்லாம் கழற்றி வைக்கச் சொன்னேன். மணிக்கூடு, இடுப்புப் பட்டி, திறப்புக் கோர்வை எல்லாம் வைத்துவிட்டுக் கடைசியாகச் சட்டைப்பையிலிருந்து பச்சை பிடித்த ஒரு பித்தளைக் குழாயை வைத்தார். வயலில் உழும்போது கிடைத்த வெற்றுத் தோட்டா. அதன் அடியில் இருந்த எழுத்துகளைக் காட்டி, எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்தத் துப்பாக்கிக்காகச் செய்தது என்று அவர் வாசித்துச் சொன்னார். ஒரு விரல் நீளச் சாமானுக்குள் அவ்வளவு செய்தியா என்று பிரமித்து நின்றவள்தான். இன்னும் அப்படியே நிற்கிறேன்.

என் கணவர் சிவாவுக்கு இது பிடிக்காது. "எங்கட சனம் ரவைக்குப் பயந்து ஓடி வந்தது. நீ ரவையைத் தேடிப் போறாய்" என்பார். எங்கள் ஊரில் தோட்டாவுக்கு ரவை என்று பெயர். வெடித்து முடிந்ததற்குக் கோது. என்னிடம் இருப்பவை முழுக்கக் கோதுகள்தான் என்று சமாதானம் சொல்வேன். அவருக்கு அது போதாது. எனக்கும் சில நாட்களில் போதாது.

பலேர்மோவுக்கு என்னை அனுப்பியவர் டெரிக். எங்கள் சிறிய சேகரிப்பாளர் வட்டத்தில் மூத்தவர், வெடிமருந்து நிறைந்த தோட்டாக்களை வைத்திருக்கத் தேவையான அனுமதியெல்லாம் உள்ளவர். அவர் ஆயுள் முழுக்கத் தேடியது ஒரேயொரு வகையை: பாப்பரசரின் படைக்காகச் செய்த துப்பாக்கித் தோட்டா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரோமாபுரி பாப்பரசரின் ஆட்சியில் இருந்தபோது அவருக்கென்று ஒரு படை இருந்தது. அந்தப் படைக்குப் புதுத் துப்பாக்கி கிடைத்து இரண்டொரு ஆண்டுக்குள் அரசே போய்விட்டது. அதனால் அந்தத் தோட்டாவைக் காண்பது அபூர்வம். திறக்கப்படாமல் காண்பது அதைவிட அபூர்வம். இத்தாலியின் பலேர்மோவில் நுன்சியா என்ற மூதாட்டியிடம் ஒன்று இருக்கிறது, விற்கவும் கூடும் என்று செய்தி வந்தது. டெரிக்குக்கு முழங்கால் வருத்தம். "நீ போய் அளந்து பார். உண்மையானது என்றால் எனக்கு ஒரு வார்த்தை சொல்" என்றார். அந்த வீட்டில் வேலை செய்பவர் தமிழர் என்பதும் என்னைத் தெரிவு செய்ய ஒரு காரணம்.

விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வந்த பஸ் ஒரு வெதுப்பகத்தின் முன் நின்றுவிட்டது. யாரோ தெருவின் நடுவில் காரை விட்டுவிட்டு உள்ளே போயிருந்தார்கள். சாரதி ஹோன் அடித்தார், இறங்கினார், வெதுப்பகத்துக்குள் போனார். சிறிது நேரத்தில் கார்க்காரரோடு சிரித்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் கையில் ஒரு கடதாசிப் பை. பஸ்ஸுக்குள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எனக்குப் பக்கத்திலிருந்த மாணவி, அந்தக் கடைக்காரர் இந்த வேளையில்தான் பாணைச் சூடாகப் போடுவார் என்று ஆங்கிலத்தில் விளக்கம் சொன்னாள். இங்கிலாந்தில் இதற்கு மூன்று முறைப்பாட்டுக் கடிதம் போயிருக்கும்.

பஸ் தரிப்பிடத்தில் நுன்சியாவின் வீட்டில் வேலை செய்யும் எமில் அண்ணை காத்திருந்தார். முழுப்பெயர் எமிலியானுஸ், மன்னார் பேசாலை ஊர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நரைத்த மீசை, நன்றாக அழுத்திய சட்டை. கண்டதும் என் பெட்டியைப் பறித்துக்கொண்டு, சாப்பிட்டீங்களோ என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் ஒரு தள்ளுவண்டிக்காரனிடம் கூட்டிப் போனார். கடலைமாவைக் கிண்டி ஆறவைத்து, மெல்லிய துண்டாக வெட்டிப் பொரித்து, எள்ளுத் தூவிய பாணுக்குள் வைத்து, எலுமிச்சம்புளி பிழிந்து தந்தான். எங்கள் கடலை வடைக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று நினைத்தேன். மிளகாய் மட்டும்தான் இல்லை. எமில் அண்ணை சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய பொட்டலத்தை எடுத்து என் பாணுக்குள் மிளகாய்த்தூள் தூவினார். அந்த நிமிடத்திலிருந்து அவர் எனக்கு உறவாகிவிட்டார்.

நடந்துகொண்டே நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் நின்றுவிட்டார்.

"பாப்பரசருக்கு ஆமி இருந்ததோ?"

"ஓம் அண்ணை. துவக்கோடை."

"எங்கட பங்குச் சாமிக்கு இது தெரியுமோ தெரியேல்லை" என்றார். சிறிது தூரம் போனபின், தோட்டாக்கள் இருக்கும் அறையைத் தான்தான் ஒவ்வொரு வெள்ளியும் தூசி தட்டுவது என்றும், எல்லாம் வெறும் கோதுதான், பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். டெரிக் தேடியது வெறும் கோதை அல்ல.

நுன்சியா அம்மாவின் வீடு கால்சாவில் இருக்கிறது. துறைமுகத்துக்குப் பக்கத்துப் பழைய குடியிருப்பு. புதிதாகப் பூசி மின்னும் ஒரு மாளிகை, அதற்கு அடுத்ததாகப் பலகை அடித்த யன்னலும் துணிக்கொடியுமாக இன்னொன்று. அவர் வீடு இரண்டுக்கும் நடுத்தரம். மூன்றாம் மாடி, மின்தூக்கி கிடையாது. எமில் அண்ணையும் அவர் மனைவி றீற்றாவும் பின்பக்கத்து அறைகளில் இருக்கிறார்கள். கோடை என்பதால் றீற்றா கடற்கரை உணவகம் ஒன்றின் சமையலறையில் வேலை. நான் அவரைக் கண்டது சொற்பம்.

மறுநாள் காலை நுன்சியா அம்மா என்னை அந்த அறைக்குள் அழைத்துப் போனார். எண்பதைத் தாண்டியவர், சிறிய உருவம், இடுப்பு வருத்தத்தால் ஒரு பக்கம் சாய்ந்த நடை. மலைக் கிராமம் ஒன்றில் அவருடைய தகப்பன் வேட்டைக்காரருக்குத் தோட்டா அடைத்து விற்றவராம். மகளான இவர் நகரத்துக்கு வந்து மூக்குக்கண்ணாடிக் கடை வைத்தார். கடையை மூடியபோது கண்ணாடி வில்லைகள் வைக்கும் அலுமாரிகளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். இழுத்துத் திறக்கும், ஒரு விரல் ஆழமான லாச்சிகள், சுவர் முழுக்க. ஒவ்வொன்றிலும் பச்சைத் துணி விரிப்பின்மேல் தோட்டாக்கள் படுத்திருந்தன. அந்த வீட்டில் காலை வெயில் விழுவதும் அந்த அறையில்தான். அவருடைய கதிரை, வானொலி, தையல் கூடை எல்லாம் அங்கேயே இருந்தன.

எனக்கு இத்தாலி மொழி தெரியாது. அவருக்கு வேறு மொழி தெரியாது. எமில் அண்ணை நடுவில் நின்றார்.

முதலில் எனக்குப் பரீட்சை. பெயர்த்துண்டை மறைத்து ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். மண்ணிறக் கடதாசி சுற்றிய உடல். கடதாசி கிழிந்த இடத்தில் மெல்லிய பித்தளைத் தகடு பாய்போலச் சுருட்டியிருந்தது. அடியில் இரும்புத் தட்டு. இது எனக்குப் பழக்கமான ஆள். பிரிட்டிஷ்காரர் பழைய துப்பாக்கிகளைப் பின்பக்கத்தால் திறக்கும்படி மாற்றியமைத்த காலத்துத் தோட்டா, இலங்கைக்கும் வந்திருக்கிறது என்றேன். தலையாட்டினார். அடுத்து இரண்டை ஒன்றாக வைத்தார். ஒரே அமெரிக்கத் துப்பாக்கியைச் சுவீடனும் டென்மார்க்கும் எகிப்தும் வாங்கி, ஒவ்வொன்றும் தன் விருப்பத்துக்கு அளவை மாற்றிக்கொண்டன. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். கண்ணால் பிரிக்க முடியாது. இடுக்கிமானியை எடுத்து விளிம்பின் குறுக்களவை அளந்து, இது டென்மார்க், இது சுவீடன் என்றேன். நுன்சியா அம்மா கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பரீட்சை முடிந்தது.

அதன்பின் காலை முழுவதும் நான் சிறுபிள்ளைதான். அப்படியொரு சேகரிப்பை நான் கண்டதில்லை. வில்லை செய்பவரின் கண் அது. ஒரே ஆண்டில் செய்த ஒரே வகையில் முத்திரை எழுத்து அரை முடியளவு சரிந்திருப்பதைக்கூடப் பிரித்து வைத்திருந்தார். கடைசியாக யன்னலுக்குக் கீழேயுள்ள லாச்சியைத் திறந்தார். பாப்பரசரின் தோட்டா.

கையில் எடுத்ததுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. அளவுகள் சரி. பித்தளையின் நிறம் சரி. தராசில் வைத்தேன். டெரிக் சொல்லியனுப்பிய நிறையைவிட வெகு குறைவு. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஈயக்குண்டு பித்தளை வாய்க்குள் இறங்கும் இடத்தில் மெல்லிய கீறல்கள். யாரோ குண்டைப் பிடுங்கி, மருந்தைக் கொட்டிவிட்டு, திரும்பப் பொருத்தியிருக்கிறார்கள். கீறலுக்குள் பித்தளை இன்னும் பளிச்சென்று இருந்தது. பழைய வேலை இல்லை.

டென்மார்க்கை எடுத்துப் பார்த்தேன். அதே கீறல். சுவீடன், அதே கீறல். ஒவ்வொரு லாச்சியாக இழுத்தேன். மருந்தோடு இருந்திருக்க வேண்டியவை எல்லாமே திறக்கப்பட்டிருந்தன. சேகரிக்காதவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது? நூற்றைம்பது ஆண்டாகப் பிரிக்காத கடிதங்கள் ஓர் அலுமாரி நிறைய இருக்கின்றன, யாரோ ஒவ்வொன்றாகக் கிழித்து உள்ளேயிருந்த தாளை எடுத்துவிட்டு உறையை மட்டும் ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது. "இதை ஆர் இப்பிடிப் பழுதாக்கினது எண்டு கேளுங்கோ அண்ணை" என்றேன்.

எமில் அண்ணை உடனே மொழிபெயர்க்கவில்லை. என் கையிலிருந்ததைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். நுன்சியா அம்மா என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"வாங்கேக்கையே எல்லாம் அப்பிடித்தானாம்" என்றார் எமில் அண்ணை.

அப்படி இருக்க முடியாது. ஆனால் நுன்சியா அம்மாவின் முகத்தைப் பார்த்தபின் நான் மேலே கேட்கவில்லை. அவர் மத்தியானத்துக்கு மத்தி மீன் வேண்டும் என்று எமில் அண்ணையை வுச்சீரியாச் சந்தைக்கு அனுப்பினார். கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் தொலைபேசியை எடுத்து, ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதி என்னிடம் நீட்டினார். தொலைபேசி அதைத் தன் தமிழில் தந்தது:

"எமிலியோ ஒரு ஆண்டு காபியை வாசலில் நாற்காலி மீது வைத்தான். அறைக்குள் இல்லை. அவனுடைய சகோதரனின் கண்கள். நான் மனிதன் வாசலில் நிற்கும் வீட்டில் வாழ விரும்பவில்லை."

நான் வாசித்து முடித்ததைப் பார்த்துவிட்டு, வாங்கி மறுபடி எழுதினார்.

"நான் அவனிடம் எப்போதும் காலி என்று சொன்னேன். தயவுசெய்து நீங்களும். போப் இருவர். ஒருவர் மொண்டெல்லோவில் உயிருடன் இருக்கிறார்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. பிறகு கையாலும் தொலைபேசியாலும் மிச்சத்தை விளக்கினார். எமில் அண்ணை வேலைக்கு வந்த முதல் வாரமே அந்த அறை வாசலில் நின்றுவிட்டாராம். காரணத்தை ஒரேயொரு தடவை சொன்னாராம். அந்த ஆண்டு முழுவதும் நுன்சியா அம்மா தோட்டாக்களைச் சிறிது சிறிதாகக் கைப்பையில் வைத்து, பஸ் ஏறி, கடற்கரையோர மொண்டெல்லோவில் துப்பாக்கி திருத்தும் காலோஜெரோவிடம் கொண்டுபோய் மருந்தை எடுப்பித்தார். இப்படிக் கொண்டு திரிவது சட்டவிரோதம் என்று காலோஜெரோ ஒவ்வொரு முறையும் ஏசினாராம். எல்லாம் முடிந்ததும் எமில் அண்ணையைக் கூப்பிட்டு, இவை எப்போதுமே வெறும் கோதுதான் என்று சொல்லி, ஒன்றை அவர் காதருகே குலுக்கிக் காட்டினாராம். அன்று கோப்பி உள்ளே வந்தது. ஒன்றைத் திறக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. பாப்பரசரின் இரண்டு தோட்டாக்களில் ஒன்று காலோஜெரோவின் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. மாதமொருமுறை பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இப்போது இடுப்பு விடுவதில்லை. போய்ப் பார்க்க முடியாததை வைத்திருந்து என்ன பயன்? அதனால்தான் விற்கிறார்.

நான் அந்த லாச்சிகளை மறுபடி பார்த்தேன். சற்று முன் பாழாக்கப்பட்டதாகத் தெரிந்த சுவர். என் மூன்று சிறிய பெட்டிகளில் ஒன்றையாவது ஒருவரின் பயத்துக்காக நான் இப்படித் திறந்திருப்பேனா? பயப்படுபவரை அந்த அறைப்பக்கம் போக வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அது சுலபம். யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள்.

மத்தியானம் மத்தி மீனும் காட்டுப் பெருஞ்சீரகமும் முந்திரிகை வற்றலும் போட்ட பாஸ்தா. எமில் அண்ணை சமைத்தது. நன்றாக உறைத்தது. நுன்சியா அம்மா மூக்கைத் துடைத்துத் துடைத்து இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்.

பின்னேரம் எமில் அண்ணை என்னை வுச்சீரியாவுக்கு அழைத்துப் போனார். பழைய சந்தை; இப்போது மீன்கடைகள் குறைந்து, மேசை போட்ட குடிக்கடைகள் கூடிவிட்டன. ஒருவன் அண்டாவிலிருந்து அவித்த கணவாய் மாதிரி ஒன்றைத் தூக்கி வெட்டினான். எட்டுக்கால் பேய்க்கணவாய். அதற்கும் எலுமிச்சம்புளிதான். நின்றபடி சாப்பிட்டோம். பக்கத்து மேசையில் இருவர் உதைபந்தாட்டத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கிறார்கள் என்று நினைத்தேன். எமில் அண்ணை கேட்டுப் பார்த்துவிட்டு, இல்லை, கத்தரிக்காயை உப்புப் போட்டு ஊறவிட வேண்டுமா இல்லையா என்பதுதான் சண்டை என்றார்.

பிறகு தானாகவே தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். இடம்பெயர்ந்து காட்டோரம் கொட்டில் போட்டிருந்த காலம். தம்பி சருகும் சுள்ளியும் கூட்டி அள்ளி அடுப்பில் போட்டான். சருகுக்குள் ஒரு ரவை கிடந்திருக்கிறது. "குனிஞ்சு ஊதிக்கொண்டு இருந்தவன்" என்றார். தம்பி இப்போது பேசாலையில் இருக்கிறான், பார்வை இல்லை, கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிறான்.

கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கள் கேட்டதை நான் இத்தாலியனிலை சொல்லேக்கையே எனக்கு விளங்கீட்டுது தங்கச்சி. நான் வேலைக்கு வந்த வருசம் அம்மா மழைக்குள்ளையும் கடல் பாக்கப் போறன் எண்டு வெளிக்கிடுவா. கைப்பையை நெஞ்சோடை பிடிச்சுக்கொண்டு. நான் நினைச்சன், மனிசிக்கு அங்கை ஆரோ சிநேகிதம் எண்டு."

நான் மறுக்கவில்லை. சொல்ல வேண்டாம் என்று கேட்டவரின் வார்த்தையை மீறுகிறேனா என்று யோசித்தேன். ஆனால் எமில் அண்ணை என்னிடம் கேட்கவில்லை, எனக்குச் சொன்னார். பெரிய நட்டமோ என்று மட்டும் கேட்டார். சேகரிப்பவருக்கு அதைவிடப் பெரியது இல்லை என்றேன். திறக்காத ஒன்று மொண்டெல்லோவில் இருப்பதையும், அதை ஏன் விற்கிறார் என்பதையும் சொன்னேன். அவர் நெடுநேரம் கணவாய்க்காரனின் அண்டாவிலிருந்து எழும்பும் ஆவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் மொண்டெல்லோப் பயணம். நுன்சியா அம்மா உதட்டுச்சாயம் பூசி, முத்துத் தோடு போட்டு, கலியாண வீட்டுக்குப் போவதுபோல் வெளிக்கிட்டார். வாடகைக் காரில் போவோம் என்று எவ்வளவோ சொன்னேன். பாப்பரசரிடம் எப்போதும் பஸ்ஸில்தான் போவது என்றுவிட்டார்.

பஸ் நிறையக் கடற்கரைக்காரர்கள். குடைகள், காற்றடித்த முதலை, முழுத் தர்ப்பூசணியை மடியில் வைத்த ஒருவர். மலையடிவாரப் பூங்காவுக்குள் மரநிழலில் போய்க்கொண்டிருந்த பஸ் இருமிவிட்டு நின்றது. சாரதி இறங்கி, எஞ்சின் மூடியைத் திறந்து, பார்த்துவிட்டு, திரும்ப மூடினார். அடுத்த பஸ் வரும் என்றார். எப்போது என்று யாரும் கேட்கவில்லை. சனம் புல்லில் இறங்கி உட்கார்ந்தது. தர்ப்பூசணிக்காரர் கத்தி கேட்டார். பாட்டுப் பாடிக்கொண்டு வந்த ஒரு கூட்டத்திடம் கத்தி இருந்தது. பழம் துண்டு துண்டாக எல்லோருக்கும் வந்தது. நுன்சியா அம்மா பஸ் படியில் உட்கார்ந்து, உதட்டுச்சாயம் கலையாமல் கடித்துக் கடித்துச் சாப்பிட்டார். எமில் அண்ணை தன் துண்டைத் தொடவில்லை. மேலே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் உச்சியில் நகரத்தின் காவல் புனிதையின் குகைக்கோயில் இருக்கிறது. எங்கள் சனம், சைவக்காரர்கள்கூட, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறிப் போவார்களாம்.

காலோஜெரோவின் கடை கடற்கரைக்குப் பின்தெருவில். பருத்த மனிதர், மெல்லிய விரல்கள். நுன்சியா அம்மாவைக் கன்னத்தில் முத்தமிட்டு, கதவில் மூடிவிட்டோம் என்ற பலகையைத் திருப்பி மாட்டினார். இரும்புப் பெட்டியைத் திறந்து, பஞ்சு வைத்த சிறிய மரப்பெட்டியை மேசையில் வைத்தார். எமில் அண்ணை வாசல் பக்கம் நின்றுகொண்டார்.

நான் அளந்தேன். நீளம், விளிம்பு, கழுத்து. நிறை சரியாக இருந்தது. பூதக்கண்ணாடியில் குண்டைச் சுற்றிப் பார்த்தேன், கீறல் இல்லை. குண்டுக்கும் பித்தளைக்கும் நடுவில் பழைய மெழுகு மண்ணிறமாக இறுகி, விரிசல்கூட இல்லாமல் இருந்தது. யாரோ ஒரு தொழிலாளி தேய்த்துவிட்ட மெழுகு. அவன் யாருக்காக அதைச் செய்தானோ அந்த அரசு போய்விட்டது, துப்பாக்கி போய்விட்டது; மெழுகு இருக்கிறது. உண்மையானது என்று நிமிர்ந்து சொன்னேன்.

நுன்சியா அம்மா அதுவரை யன்னல் பக்கம் திரும்பி நின்றார். அப்படியே நின்றுகொண்டு ஏதோ சொன்னார். எமில் அண்ணை மொழிபெயர்த்தார்: "உங்கட சிநேகிதரை இதைப் பெட்டிக்குள்ளை பூட்டி வைக்க வேண்டாமாம். ஒவ்வொரு நாளும் எடுத்துப் பாக்கட்டாம்."

சொல்லிவிட்டு அவர் நிறுத்தவில்லை. நுன்சியா அம்மாவின் பக்கம் திரும்பி இத்தாலி மொழியில் நீளமாகப் பேசத் தொடங்கினார். குரல் உயரவில்லை. காலோஜெரோ மேசையிலிருந்து கையை எடுத்தார். நுன்சியா அம்மா திரும்பி முதலில் என்னைத்தான் பார்த்தார், நல்ல கோபத்தோடு. எமில் அண்ணை தலையாட்டி ஏதோ சொல்ல, பார்வை என்னைவிட்டு அகன்றது.

"என்ன சொன்னீங்கள் அண்ணை?"

"விக்க வேண்டாம், வீட்டை கொண்டு போவம் எண்டனான். எல்லாத்தையும் எனக்காகத் திறந்தது தெரியும் எண்டும் சொன்னனான். நீங்கள் சொல்லேல்லை, நானாப் பிடிச்சது எண்டும்."

நுன்சியா அம்மா ஒரு கேள்வி கேட்டார். எமில் அண்ணை அதற்கு உடனே பதில் சொல்லாமல் எனக்கு மொழிபெயர்த்தார். ஒருவேளை பதிலை யோசிக்க அவகாசம் வேண்டியிருந்திருக்கும். "எனக்கு நித்திரை வருமோ எண்டு கேக்கிறா."

பிறகு அவரிடம் இத்தாலி மொழியிலும் என்னிடம் தமிழிலும் ஒரே பதிலைச் சொன்னார்: "தெரியாது. ஒண்டுதானே. பாப்பம்."

நுன்சியா அம்மா கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். கண் துடைக்கக் கைலேசு என்று நினைத்தேன். சீப்பை எடுத்துத் தலையை வாரினார். வாரி முடித்துவிட்டு, அப்படியென்றால் சரி என்பதுபோலக் காலோஜெரோவைப் பார்த்தார். காலோஜெரோ பஸ்ஸில் கொண்டுபோக விடமாட்டேன், நானே காரில் கொண்டுவந்து விடுகிறேன், பொலிசுக்கு இடமாற்றத்தையும் நானே அறிவிக்கிறேன் என்றார்.

நான் வெளியே போய் டெரிக்கைக் கூப்பிட்டேன். மணலும் ஆட்களுமாகக் கடல் எதிரில் கிடந்தது. உண்மையானதுதான், மெழுகுகூடக் கலையவில்லை, ஆனால் விற்பனைக்கு இல்லை என்றேன். காரணத்தையும் சொன்னேன். ஆயுள் முழுக்கத் தேடியவர். வெயில் படாத இடத்தில் வைக்கச் சொல் என்றார். எனக்கு ஒரு படம் அனுப்பு, மெழுகு தெரியும்படி எடு என்றார். என் நண்பரை நினைத்தும் அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

காலோஜெரோவின் கார் அவரைவிடச் சிறியது. நுன்சியா அம்மா முன்னால், மரப்பெட்டி அவர் மடியில். எமில் அண்ணையும் நானும் பின்னால். பலேர்மோத் தெருக்களின் குழிகளைப் பற்றி நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் எமில் அண்ணையின் கை முன்னிருக்கையின் முதுகைப் பற்றும். ஒவ்வொரு தரமும் நுன்சியா அம்மா திரும்பாமலே ஒரு சொல் சொல்வார். பிடித்திருக்கிறேன் என்று அர்த்தமாம்.

கால்சாவில் கார் விட இடமில்லை. காலோஜெரோ வீட்டு வாசலிலேயே நிறுத்த, பின்னால் ஹோன் சத்தம் எழும்பியது. அவர் இறங்க முடியாது. நுன்சியா அம்மாவுக்குப் படியேற இரண்டு கையும் வேண்டும்; ஒன்று கைத்தடிக்கு, மற்றது கைபிடிக்கு. நான் பெட்டிக்குக் கை நீட்டினேன். அதற்குள் எமில் அண்ணை காரின் முன்பக்கத்துக்குப் போய், குனிந்து, அவர் மடியிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டார். இரண்டு கையாலும், நற்கருணை ஏந்துபவர்போல.

அவர் முன்னால் ஏறினார். நடுவில் நான். பின்னால் நுன்சியா அம்மாவின் தடி ஒவ்வொரு படியிலும் தட்டியது. முதலாம் மாடித் திருப்பத்தில் எமில் அண்ணை நின்றார். நான் காத்திருந்தேன். ஏறினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மறுபடி நின்றார். நெற்றியில் வியர்வை. பயந்துவிட்டார் என்று நினைத்து, என்னிடம் தாருங்கள் அண்ணை, நான் கொண்டு வாறன் என்றேன்.

அவர் தலையை அசைத்தார். கீழே பார்க்கும்படி கண்ணால் காட்டினார். நுன்சியா அம்மா நாலு படி கீழே, கைபிடியில் சாய்ந்து, வாய் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"நான் நிண்டாத்தான் அவவும் நிப்பா" என்றார் மெதுவாக. "சொன்னாக் கேக்கமாட்டா."

தடி மறுபடி தட்டத் தொடங்கும்வரை அங்கேயே நின்றார். பிறகு அடுத்த படியில் கால் வைத்தார்.